பனியன் விலையை யார் முடிவு செய்கிறார்கள்?

2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்காவில் 50% கூடுதல் வரி என்ற செய்தி வந்தபோது, கொங்கு நாட்டில் மூன்று கேள்விகள் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டன. வரியைக் கட்டுவது நம்மூர்க் கம்பெனியா, அமெரிக்காக்காரனா? அமெரிக்காக்காரன் என்றால் நமக்கு ஏன் வலிக்கிறது? அப்புறம், இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்கும் திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் ஓவர்லாக் மிஷின் நிற்பதற்கும் என்ன சம்பந்தம்?

மூன்று கேள்விக்கும் பதில் ஒரு பனியனின் விலைக்குள்ளேயே இருக்கிறது. அந்த விலையைப் பிரித்துப் பார்த்தால் அரசியல் எங்கெங்கே நுழைகிறது என்பது தெரியும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே வரும் வரி விகிதங்கள் 2025ஆம் ஆண்டில் நடந்ததை வைத்தவை. விகிதம் பேச்சுவார்த்தைக்குத் தக்கபடி ஏறும், இறங்கும். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் நான்கு சொற்கள்

1. எஃப்ஓபி விலை: சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை. திருப்பூர் ஏற்றுமதியாளர் பையரிடம் (சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி) பேசுவது பெரும்பாலும் இந்த விலையைத்தான். அமெரிக்கச் சுங்கத் துறையும் கப்பல் வாடகை, காப்பீடு நீக்கிய மதிப்பின் மேல்தான் வரி போடுகிறது.

2. அடிப்படை வரி: டிரம்ப் வருவதற்கு முன்பிருந்தே உள்ளது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு 16.5%. பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை டி-ஷர்ட்டுக்கு 32%. 'அமெரிக்கா இப்போதுதான் வரி போட்டது' என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். துணிக்கு வரி எப்போதும் இருந்தது, அதுவும் கனமாகவே இருந்தது.

3. கூடுதல் வரி: இது இரண்டு தவணையாக வந்தது. ஆகஸ்ட் 7 முதல் 'பரஸ்பர வரி' என்ற பெயரில் 25%. ஆகஸ்ட் 27 முதல், ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக இன்னொரு 25%. முதலாவது ஏறக்குறைய எல்லா நாடுகளுக்கும் ஏதோ ஓர் அளவில் போடப்பட்டது. இரண்டாவது நமக்கென்று தனியாகப் போட்டது.

4. ஜாப் ஒர்க்: ஆர்டர் ஒருவருடையது, வேலை பலருடையது. நிட்டிங் (துணி பின்னுவது), சாயம், காம்பாக்டிங் (பிறகு சுருங்காதபடி துணியை இறுக்குவது), பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், செக்கிங், அயர்ன் என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பட்டறையில் கூலிக்கு நடக்கும். துணி ஊருக்குள்ளேயே டெம்போவில் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் பெட்டிக்குள் போகிறது.

ஒரு டி-ஷர்ட்டின் கணக்கு

எளிமைக்காக 4 டாலர் எஃப்ஓபி விலையுள்ள ஒரு பருத்தி டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். அதே தரம், அதே விலையில் வங்கதேசத்திலும் ஒன்று தைக்கிறார்கள் என்று வைப்போம். வங்கதேசத்துக்குப் போடப்பட்ட கூடுதல் வரி 20%. வியட்நாமுக்கும் இலங்கைக்கும் அதே 20%. பாகிஸ்தான், இந்தோனேசியா, கம்போடியாவுக்கு 19%.

வங்கதேச டி-ஷர்ட்: 16.5 + 20 = 36.5%. வரி 1.46 டாலர். அமெரிக்கக் கரையில் அடக்க விலை 5.46 டாலர்.

திருப்பூர் டி-ஷர்ட், ஆகஸ்ட் 27க்குப் பிறகு: 16.5 + 50 = 66.5%. வரி 2.66 டாலர். அடக்கம் 6.66.

வித்தியாசம் 1.20 டாலர். இதைச் சமன் செய்யத் திருப்பூர்க்காரர் தன் விலையை எவ்வளவு இறக்க வேண்டும்? 3.28 டாலருக்கு, அதாவது 18% இறக்க வேண்டும். பனியன் ஏற்றுமதியில் லாபம் பொதுவாக ஒற்றை இலக்க சதவீதம்தான். இருக்கிற லாபத்தை மொத்தமாகக் கொடுத்தாலும் பள்ளம் பாதிகூட நிரம்பாது.

இப்போது அதே கணக்கை ஆகஸ்ட் 7ஆம் தேதி நிலவரப்படி, அதாவது 25% மட்டும் இருந்த அந்த மூன்று வாரத்துக்குப் போட்டுப் பாருங்கள். அடக்கம் 5.66 ஆகிறது. சமன் செய்ய விலையை 3.86க்கு இறக்கினால் போதும், 3.5% தள்ளுபடி. இது வலிக்கும், ஆனால் பேசித் தீர்க்கக்கூடிய வலி. ஆண்டுத் தொடக்கத்தில் 86 ரூபாய்க்குக் கீழே இருந்த டாலர் ஆகஸ்ட் இறுதியில் 88ஐத் தாண்டியது. அந்த நாணய மாற்றமே இந்தப் பள்ளத்தில் பெரும்பகுதியை மூடிவிடும்.

எனவே, என்னைக் கேட்டால், '50% வரி' என்ற எண்ணைவிட முக்கியமானது பக்கத்து நாட்டுக்கும் நமக்கும் உள்ள இடைவெளி. எல்லா நாட்டுக்கும் 50% என்றால் அமெரிக்கக் கடையில் பனியன் விலை ஏறும், விற்பனை குறையும், எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் இழப்பார்கள். நமக்கு மட்டும் 50 என்றால் ஆர்டர் இடம் மாறும். இடைவெளி 5 புள்ளியாக இருந்தவரை அது வியாபாரச் சிக்கல். 30 புள்ளியானதும் வெளியுறவுத் துறையின் சிக்கலாகிவிட்டது. அதை, பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் எந்த மெர்ச்சன்டைசராலும் போனில் பேசித் தீர்க்க முடியாது.

வரி எப்படித் தள்ளுபடியாக மாறுகிறது

முதல் கேள்விக்கு வருவோம். சட்டப்படி வரியைக் கட்டுவது அமெரிக்காவில் சரக்கை இறக்குபவர்தான். திருப்பூரிலிருந்து ஒரு டாலர்கூட அமெரிக்கக் கருவூலத்துக்கு நேராகப் போவதில்லை. ஆனால் கட்டுபவர் வேறு, சுமப்பவர் வேறு. பையர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: கடையில் விலையை ஏற்றலாம், தன் லாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம், தைத்துக் கொடுப்பவரிடம் தள்ளுபடி கேட்கலாம். மூன்றையும் கலந்துதான் செய்வார். எந்த வழி எவ்வளவு என்பதை யாருக்கு மாற்று ஆள் சுலபமாகக் கிடைக்கும் என்பது முடிவு செய்கிறது. பையருக்கு வங்கதேசத்தின் டாக்காவும் வியட்நாமின் ஹோசிமின் நகரமும் இருக்கின்றன. சாயம் போட்டு, அந்தக் கம்பெனியின் லேபிள் தைத்து, அளவுவாரியாகப் பெட்டியில் அடுக்கிய சரக்குக்குத் திருப்பூர்க்காரரிடம் வேறு பையர் இல்லை. அந்தச் சரக்கு கேன்சல் ஆனால் போகிற இடம் உள்ளூர்ச் சந்தையான காதர்பேட்டை. அங்கே கிடைப்பது அடக்க விலையில் ஒரு பங்கு.

நாள் கணக்கும் இதில் சேர்ந்துகொண்டது. ஆகஸ்ட் 27க்கு முன் கப்பலில் ஏற்றி, செப்டம்பர் 17க்கு முன் அமெரிக்காவில் இறங்கிய சரக்குக்கு இரண்டாவது 25% கிடையாது என்று சலுகை அறிவித்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தூத்துக்குடியிலிருந்து புறப்படும் பெட்டி கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி அமெரிக்கக் கிழக்குக் கரையை எட்ட ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். செங்கடலில் 2023 இறுதியில் தொடங்கிய ஏமன் ஹூதி படையினரின் தாக்குதலுக்குப் பிறகு பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றியே போய்வந்தன, அதில் இன்னும் நாள் கூடியது. மூன்று வாரச் சலுகை, மாதக்கணக்கில் போகிற கப்பலுக்கு என்ன பயன்? ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே ஏற்றியவர்கள் தப்பித்தார்கள். மாதக் கடைசியில் ஏற்றியவர்கள் தள்ளுபடி கொடுத்தார்கள், அல்லது விமானத்தில் அனுப்பி லாபத்தை வாடகையாகக் கட்டினார்கள்.

ஊருக்குள் இறங்கும் வழி

இங்கேதான் திருப்பூரின் அமைப்பு முக்கியமாகிறது. ஒரே வளாகத்தில் நூல் முதல் பெட்டி வரை எல்லாம் வைத்திருக்கும் தொழிற்சாலைக்கு அடி விழுந்தால் அந்த முதலாளியும் அங்குள்ள தொழிலாளிகளும் தாங்க வேண்டும். திருப்பூரில் அடி படிப்படியாக இறங்கும். இறங்கும் வரிசை ஏறத்தாழ இப்படி:

1. பையர் 90 நாளில் கொடுக்க வேண்டிய பணத்தை 120 நாளுக்குத் தள்ளுகிறார்.
2. ஏற்றுமதியாளருக்கு வங்கியில் பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதி ஆர்டருக்காகத் தரும் முன்கடன்) இருக்கிறது, ஆனால் அதற்கும் கெடு உண்டு. கெடுவைக் காப்பாற்ற, ஜாப் ஒர்க் பில்லை நிறுத்தி வைக்கிறார்.
3. நிட்டிங், பிரிண்டிங் பட்டறைக்காரர் நூல் கடைக்காரரிடமோ பிரிண்டிங் மை விற்பவரிடமோ கடன் சொல்கிறார். மிஷினுக்கு வாங்கிய கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கிறது.
4. காண்ட்ராக்டில் தைப்பவர் சனிக்கிழமை வாரச் சம்பளத்துக்கு வட்டிக்கு வாங்குகிறார்.
5. டெய்லருக்குப் பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி. பீஸ் இல்லை என்றால் ரேட் இருந்து பலனில்லை. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகும், அப்புறம் வாரத்துக்கு நான்கு நாள் வேலை. யாரும் யாரையும் வேலையை விட்டு நிறுத்தியதாகக் கணக்கில் வராது, ஆனால் வீட்டுக்கு வரும் காசு பாதியாகிவிடும்.

கீழே போகப்போக எழுத்தில் இருக்கும் ஒப்பந்தம் குறைந்துகொண்டே வருவதைக் கவனியுங்கள். மேலே பையருக்கும் ஏற்றுமதியாளருக்கும் நடுவில் பக்கம் பக்கமாக ஒப்பந்தம். நடுவில் டெலிவரி சலான் என்ற சரக்குச் சீட்டு. கடைசியில், 'அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்கண்ணா' என்ற ஒரு வாய்ச்சொல். கடன், சொந்தம், நம்பிக்கை ஆகியவற்றால் பின்னப்பட்ட இந்த அமைப்புதான் விவசாயக் குடும்பத்துப் பையன்களையும் மிஷினில் உட்கார்ந்த தொழிலாளிகளையும் முதலாளியாக்கியது. நல்ல காலத்தில் அது பணத்தை வேகமாக மேலே ஏற்றும் ஏணி. கெட்ட காலத்தில் அதே ஏணி வழியாக நட்டம் கீழே இறங்குகிறது.

இதைச் சரிசெய்யப் போட்ட சட்டம் ஒன்று உண்டு. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, குறு, சிறு நிறுவனங்களின் பில்லை அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்காவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது. நோக்கம் நியாயமானதுதான். ஆனால் ஜவுளித் தொழில் 90, 120 நாள் கடனில் ஓடும் தொழில். பையர் 120 நாளில் கொடுப்பார், நான் 45 நாளில் எப்படிக் கொடுப்பேன் என்று நடுவில் நிற்பவர் கேட்டதில் தவறு காண முடியவில்லை. சட்டம் உள்நாட்டுக் கடனை மட்டுமே பார்க்கிறது, அமெரிக்கப் பையரை எந்த இந்தியச் சட்டமும் கட்டாது.

அமெரிக்கா நம்மை அசைப்பது இது முதல் தடவை அல்ல

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். தெற்கு மாநிலங்களின் பருத்தி லங்காஷயர் மில்களுக்குப் போவது நின்றது. இங்கிலாந்து இந்தியப் பருத்தியைத் தேடியது, விலை எகிறியது. போர் முடிந்ததும் விழுந்தது. கரிசல் காட்டில் பருத்தி போட்ட விவசாயிக்கு அமெரிக்க அரசியல் அப்போதே அறிமுகம்.

அடுத்த நூற்றாண்டில் வெளிநாட்டுத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன இயக்கத்தின் கதர் மையங்களில் ஒன்றாகத் திருப்பூர் இருந்தது. சென்னிமலையில் பிறந்த குமரன் 1932 ஜனவரியில் கொடியோடு விழுந்ததும் இந்த ஊரில்தான். அதே ஊர் இன்று வெளிநாட்டாருக்குத் துணி தைக்கிறது. 1930களில் நீலகிரியின் பைகாரா நீர்மின்சாரம் வந்து கோவையில் மில்கள் பெருகின. பனியன் பின்னும் தொழில் அதற்குச் சற்று முன்பே திருப்பூரில் தலைகாட்டிவிட்டது. ஏற்றுமதி 1970களின் இறுதியில் தொடங்கியது.

ஏற்றுமதி அந்தக் காலத்தில் தொடங்கியதற்குப் பின்னால் ஒரு முக்கியமான அரசியல் ஏற்பாடு இருந்தது: கோட்டா. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய போட்டியாளர்கள் பலர் அங்கேதான் பிறந்தார்கள்.

1974இல் பல இழை ஒப்பந்தம் என்ற ஒன்று நடைமுறைக்கு வந்தது. பணக்கார நாடுகள் தங்கள் ஜவுளித் தொழிலாளர்களைக் காப்பாற்ற, ஒவ்வொரு ஏழை நாட்டிலிருந்தும் ஆண்டுக்கு இத்தனை சட்டை, இத்தனை பனியன்தான் வாங்குவோம் என்று அளவு குறித்தன. இந்தியாவுக்குக் கிடைத்த அளவை ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் ஏற்றுமதியாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. கோட்டா கையில் இருந்தால் தைக்காமலேயே அதை விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற நிலைகூட இருந்தது.

கோட்டா ஒரு சுவர். ஆனால் சுவர் இரண்டு பக்கமும் வேலை செய்தது. எந்த ஒரு நாடும் மொத்தச் சந்தையையும் விழுங்க முடியாது என்பதால் பையர்கள் ஊர் ஊராகப் போய்ச் சிறு சிறு ஆர்டர்களாகக் கொடுத்தார்கள். திருப்பூரின் சின்னப் பட்டறைகளுக்கு அந்த அளவு பொருத்தமாக இருந்தது. இன்னொரு பக்கம், தன் கோட்டா தீர்ந்துபோன தென் கொரியாவின் டேவூ நிறுவனம், கோட்டாக் கட்டுப்பாடு இல்லாத வங்கதேசத்துக்கு 1979-80இல் போய், அங்குள்ள ஒரு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது. வங்கதேச ஆயத்த ஆடைத் தொழிலின் விதை அது. டாக்காவோடு நாம் மேலே போட்ட 1.20 டாலர் கணக்கின் வேர், அமெரிக்கா கொரியாவுக்குப் போட்ட கோட்டாவில் இருக்கிறது.

2005 ஜனவரி 1 அன்று கோட்டா முழுவதும் நீங்கியது. சின்ன ஆர்டர்களின் காலமும் மெல்ல முடிந்தது. ஒரே கூரைக்கு அடியில் ஆயிரம் மிஷின் வைத்திருப்பவருக்குச் சாதகம். திருப்பூரின் ஏற்றுமதி வளர்ந்தது, கூடவே கடனும் வளர்ந்தது. 2008 உலக நிதி நெருக்கடி அந்தக் கடனைச் சோதித்தது.

நொய்யல் கட்டிய வரி

எல்லா அரசியலும் வெளிநாட்டிலிருந்து வருவதில்லை. பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும், நிறையத் தண்ணீர் வேண்டும். அந்த உப்புநீர் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் இறங்கியது. விவசாயத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கீழே இருந்த ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடக் கூடாது என்றது. அந்த உத்தரவு நிறைவேறவில்லை. 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

அந்த ஆண்டைத் திருப்பூர் எளிதில் மறக்காது. சாயம் நின்றால் முன்னால் நிட்டிங்கும் நிற்கும், பின்னால் தையலும் நிற்கும். ஜாப் ஒர்க் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை. அப்புறம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கும் கருவிகளும் வைத்து, தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறைக்குத் திருப்பூர் வந்தது.

இதில் பொருளாதார விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. சுத்திகரிப்புக்கு மின்சாரமும் விறகும் எரிகிறது, கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று துணி விலையில் ஏறுகிறது. போட்டி நாடுகளில் எல்லோருக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. அதாவது, நொய்யலைக் காப்பாற்றும் செலவும் ஒருவகை வரிதான், நாமே நமக்குப் போட்டுக்கொண்டது. ஆனால் அதற்கு முன்பு அந்தச் செலவு இல்லாமல் இருக்கவில்லை. கிணற்றில் உப்பு ஏறிய விவசாயி அதைக் கட்டிக்கொண்டிருந்தார், பில்லில்தான் வரவில்லை. சுற்றுச்சூழல் விதிகளை ஐரோப்பியப் பையர்கள் இப்போது இறுக்கிக்கொண்டே வருவதால், அன்று தண்டனையாகத் தெரிந்தது இன்று மெர்ச்சன்டைசர் பெருமையாகக் காட்டும் ஸ்லைடாகிவிட்டது.

பஞ்சு: கொங்குக்குள்ளேயே இரண்டு கட்சி

கொங்கு நாட்டை ஒரே குரலாக நினைப்பது பெரிய தவறு. பஞ்சு, நூல் விஷயத்தில் கோவை மில்காரரும் திருப்பூர் பனியன்காரரும் பலமுறை எதிரெதிர்ப் பக்கம்.

தமிழ்நாட்டு மில்களுக்கு வேண்டிய பஞ்சில் பெரும்பங்கு குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து வருகிறது. இறக்குமதிப் பஞ்சுக்கு மத்திய அரசு 2021 பட்ஜெட்டில் 11% வரி போட்டது. விவசாயிக்கு அது பாதுகாப்பு. ஆனால் 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது, நூல் விலை மாதாமாதம் ஏறியது. நான்கு மாதம் முன்பு விலை பேசி ஆர்டர் எடுத்த பனியன்காரர் அன்றைய விலைக்கு நூல் வாங்கித் தைக்க வேண்டும். அப்போது பனியன்காரர்கள் நூல் ஏற்றுமதிக்குத் தடை கேட்டார்கள். மில்காரர்களோ பஞ்சுக்கு வரி வேண்டாம், நூல் ஏற்றுமதியைத் தொடாதே என்றார்கள்.

இந்திய நூலை அதிகம் வாங்குவது யார் தெரியுமா? வங்கதேசம். கொங்கு மில்லில் நூற்ற நூல் டாக்காவுக்குப் போய் டி-ஷர்ட்டாகி, திருப்பூர் டி-ஷர்ட்டோடு அதே அமெரிக்கக் கடை அலமாரியில் போட்டி போடுகிறது. 2025 ஏப்ரலில் வங்கதேசம் தரைவழியாக இந்திய நூல் வருவதை நிறுத்தியது. மே மாதத்தில் இந்தியா வங்கதேச ஆயத்த ஆடைகள் தரைவழியாக வருவதை நிறுத்தியது. இரண்டாவது செய்திக்குத் திருப்பூரின் உள்நாட்டு பனியன்காரர்கள் மகிழ்ந்தார்கள், முதல் செய்திக்கு மில்காரர்கள் கவலைப்பட்டார்கள். ஒரே சண்டை, ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு முகம்.

2025 ஆகஸ்ட் 19 முதல் பஞ்சு இறக்குமதி வரி தற்காலிகமாக நீக்கப்பட்டது, பிறகு டிசம்பர் இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. இதற்கு இரண்டு காரணம் படிக்கலாம். ஒன்று, மில்லுக்கு மலிவான பஞ்சு. இன்னொன்று, அமெரிக்கப் பஞ்சு வாங்குகிறோம் என்று பேச்சுவார்த்தை மேசையில் காட்டலாம். பரஸ்பர வரி உத்தரவிலேயே ஒரு பிரிவு இருந்தது: பொருளின் மதிப்பில் குறைந்தது 20% அமெரிக்கச் சரக்காக இருந்தால், அந்தப் பங்குக்கு அந்த வரி இல்லை. அமெரிக்கப் பஞ்சில் பனியன் தைத்தால் வரி குறையுமா என்ற பேச்சு கோவையில் எழுந்தது இதனால்தான். பஞ்சு வரி நீக்கத்தை எதிர்த்து விவசாயச் சங்கங்கள் குரல் கொடுத்ததும் இயல்பு. அறுவடைக் காலத்தில் வெளிநாட்டுப் பஞ்சு வந்து இறங்கினால் விலை யாருக்கு விழும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிற நாட்டு அரசியல், நம்மூர் ஆள் வரவு

2024 ஆகஸ்ட் 5 அன்று வங்கதேசப் பிரதமராக இருந்த ஷேக் ஹசீனா பதவி இழந்து டாக்காவை விட்டுக் கிளம்பியபோது, அங்கே தைக்க வேண்டிய ஆர்டர்களில் ஒரு பகுதி திருப்பூர் பக்கம் திரும்பியது. ஒரு வருடம் கழித்து அதே நாளையொட்டி நிலைமை தலைகீழ். அங்கே கலவரம் என்றால் இங்கே ஓவர்டைம், இங்கே வரி என்றால் அங்கே ஓவர்டைம். இதைப் பார்த்துத் தொழில் திட்டமிடுவது மழையைப் பார்த்து விதைப்பதைவிடக் கடினம்.

உள்நாட்டு அரசியலும் அப்படித்தான். திருப்பூரின் மிஷின்களில் பெரும் எண்ணிக்கையில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆட்கள் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. பயந்து பலர் ரயிலேறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கு வந்து பார்த்தது. வரியும் இல்லை, கோர்ட்டும் இல்லை, போனில் வந்த ஒரு வீடியோ ஷிப்மெண்டைத் தாமதமாக்கியது. வேலை நாள் குறைந்தாலும் இதே ரயில்தான். ஊருக்குப் போன டெய்லர் ஆர்டர் வந்த மறுநாளே திரும்பி வரமாட்டார்.

உதவிகள் எதைத் தொடும், எதைத் தொடாது

2024-25இல் இந்தியாவின் மொத்தச் சரக்கு ஏற்றுமதியில் சுமார் 20% அமெரிக்காவுக்குப் போனது. தமிழ்நாட்டுக்கு அந்தப் பங்கு 31% என்று 2025இல் முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் சுட்டிக்காட்டினார். திருப்பூரின் பனியன் ஏற்றுமதி அந்த ஆண்டு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். கரூரின் வீட்டு உபயோகத் துணிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், திரைச்சீலை, மேசை விரிப்பு எல்லாம் அதே கப்பலில் போகிறவைதான்.

2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு உத்தரவாதம் தரும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு அவகாசமும் ஏற்றுமதிக் கடனுக்குக் கூடுதல் நாளும் அனுமதித்தது. இவை நல்ல நடவடிக்கைகள். ஆனால் மேலே சொன்ன ஐந்து படியில் இவை தொடுவது இரண்டாவது படியை. வங்கிக் கணக்கும் ஏற்றுமதிப் பதிவும் உள்ளவருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். மூன்றாம் படிக்குக் கொஞ்சம் கசியும். காண்ட்ராக்டருக்கும் பீஸ் ரேட் டெய்லருக்கும் அது போய்ச் சேரும் என்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. ஏற்றுமதியாளர் வாங்கும் சலுகையில் ஜாப் ஒர்க் பாக்கியைத் தீர்க்க இத்தனை பங்கு என்று ஒரு நிபந்தனை வைப்பது முடியாத காரியம் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ஜிஎஸ்டி வந்த பிறகு யார் யாருக்கு எவ்வளவு பில் போட்டார்கள் என்பது அரசிடமே இருக்கிறது.

இனி கவனிக்க வேண்டியவை

1. பிரிட்டன்: 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி இந்திய ஆடைகளுக்கு அங்கே வரி பூஜ்யம். அதற்கு முன் வங்கதேசம் போன்ற நாடுகள் வரியில்லாமல் நுழைய, நாம் 10%ஐ ஒட்டி வரி கட்டிக்கொண்டிருந்தோம். அமெரிக்காவில் நாம் பார்த்த இடைவெளிக் கணக்கை இங்கே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பிரிட்டன் சந்தை அமெரிக்காவைவிட மிகச் சிறியது.

2. ஐரோப்பா: வளர்ச்சி குறைந்த நாடு என்ற தகுதியில் வங்கதேசம் ஐரோப்பிய ஒன்றியத்தில் வரியே இல்லாமல் விற்றது. அந்தப் பட்டியலிலிருந்து வெளியேற 2026 நவம்பர் 24 என்று ஐ.நா. நாள் குறித்தது. வெளியேறினாலும் ஐரோப்பா மேலும் மூன்று ஆண்டு சலுகையைத் தொடரும். அதனால் 2026இலேயே ஆர்டர் கொட்டும் என்று மிஷினுக்குக் கடன் வாங்குவது அவசரம்.

3. செயற்கை இழை: உலகில் உடுத்தும் துணியில் பெரும்பகுதி இப்போது பருத்தி அல்ல. விளையாட்டு உடை, ஜிம் உடை எல்லாம் பாலியஸ்டர். திருப்பூரின் கை பருத்தியில் தேர்ந்தது. 2021இல் அறிவித்த 10,683 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத் திட்டம் செயற்கை இழைக்கும் தொழில்நுட்ப ஜவுளிக்கும் (மருத்துவமனை, தொழிற்சாலை போன்றவற்றில் பயன்படும் துணி) தான், ஆனால் அதன் குறைந்தபட்ச முதலீடு நூறு கோடி என்ற கணக்கில் தொடங்கியது. ஐம்பது மிஷின் வைத்திருப்பவர் அந்த வாசலில் நிற்கக்கூட முடியாது. பிறகு வரம்பைக் குறைத்தார்கள். குறைத்த வரம்பும் ஜாப் ஒர்க் பட்டறைக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது.